மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர்

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர் பெரம்பூரைச் சேர்ந்த முன்னாள் மாநில மகளிர் டேபிள் டென்னிஸ் சாம்பியன். தமிழ்நாட்டு அணிக்கும் பிறகு ரயில்வே அணிக்கும் ஆடியவர். இப்போது மாலை நேரங்களில் வடசென்னைப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறார்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளியில் இருக்கிற டேபிள் டென்னிஸ் மேசையை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். முறையாகக் கற்றுக்கொள்ள எவ்வளவு செலவாகும்? படிப்பு கெட்டுவிடுமா?
– ஒரு தாய், கொருக்குப்பேட்டை

பதில்: சேர்த்துவிடுங்கள் அம்மா, ஒன்பது நல்ல வயது. பதினோரு வயதுக்கு உட்பட்டோர் பிரிவிலேயே போட்டிகள் நடக்கின்றன. ஆனால் அதை மனதில் வைத்து அவசரப்படாதீர்கள். முதல் ஆறு மாதம் பேட் பிடிக்கிற விதமும் கால் நகர்கிற விதமும் சரியாக அமைந்தால் போதும். பந்தே இல்லாமல், கண்ணாடி முன்னால் நின்று ஃபோர்ஹேண்டும் (உள்ளங்கைப் பக்கத்து அடி) பேக்ஹேண்டும் (புறங்கைப் பக்கத்து அடி) வீசிப் பழகுவதை நாங்கள் ஷேடோ என்போம். அதற்குக் காசு வேண்டாம், வீட்டுக்குள் நாலடி இடம் இருந்தால் சரி. தினமும் இருபது நிமிஷம் ஷேடோ போடுகிற பிள்ளை ஹாலுக்கு வந்ததும் தனியாகத் தெரியும்.

ஆரம்பத்துக்கு ரெடிமேட் பேட் போதும். கடையில் விலை உயர்ந்ததைக் காட்டினால் வாங்காதீர்கள். வேகமான ரப்பர் சின்னப் பிள்ளை கையில் பந்தைக் கண்டபடி பறக்கவிடும். அவன் பயந்துபோய் மெதுவாகத் தட்டப் பழகுவான். அப்படித் தட்டப் பழகின கையைத் திருப்பி வீச வைப்பது எங்களுக்குப் பெரும்பாடு. ஓரளவு ஆட வந்த பிறகுதான் மரப் பிளேடு தனி, ரப்பர் தனி என்று வாங்க வேண்டியிருக்கும். உண்மையான செலவு அங்கேதான் தொடங்குகிறது. பிளேடு பல வருஷம் உழைக்கும். ரப்பர் உழைக்காது. வெளிநாட்டு ரப்பர் ஒரு ஷீட்டே மூவாயிரம் ரூபாயைத் தாண்டும், ஒரு பேட்டுக்கு இரண்டு ஷீட் வேண்டும், தினமும் ஆடினால் சில மாதங்களில் பிடிப்புப் போய்விடும். என் அப்பா ரயில்வே லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டர். எனக்கு ரப்பர் மாற்றுகிற மாதத்தில் மளிகைக் கடைப் பாக்கி அடுத்த சம்பளத்துக்குத் தள்ளிப்போகும். அதனால் சொல்கிறேன்: ஆடி முடித்ததும் ரப்பரை ஈரத் துணியால் துடைத்து, உறையில் போட்டு வைக்க இப்போதே பழக்குங்கள். வெயிலில் நிற்கிற வண்டியில் பேட்டை விட்டுவிடாதீர்கள், ரப்பர் சீக்கிரம் செத்துப்போகும்.

படிப்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நம் சென்னைப் பையன் சத்தியன் ஞானசேகரன் இங்கேயே பொறியியல் படித்து முடித்தவர். 2019ல் உலகத் தரவரிசையில் 24வது இடத்துக்குப் போனார். முதல் 25 பேருக்குள் நுழைந்த முதல் இந்தியர் அவர்தான். பிள்ளைகளின் நேரத்தைத் தின்பது பயணம்தான். கொருக்குப்பேட்டையிலிருந்து தினமும் நகரத்தின் மறுகோடிக்குப் போய்வருகிற பிள்ளை பஸ்ஸிலேயே களைத்துவிடும். வீட்டுக்குப் பக்கத்தில் சுமாரான மேசை கிடைத்தாலும் முதல் இரண்டு வருஷத்துக்கு அதுவே போதும்.

கேள்வி: பேட்டின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கருப்பு. அழகுக்கா?
– மாணவர், புளியந்தோப்பு

பதில்: எதிராளி ஏமாறாமல் இருக்க. இரண்டு பக்கமும் இரண்டு வித ரப்பர் ஒட்டுவது உண்டு. ஒன்று பந்தைப் பிடித்துச் சுழற்றும், இன்னொன்று சுழற்சியைக் கொன்றுவிடும். இரண்டும் ஒரே நிறத்தில் இருந்த காலத்தில், மேசைக்குக் கீழே பேட்டைத் திருப்பிக்கொண்டால் எந்தப் பக்கம் பட்டு பந்து வருகிறதென்று எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. அதற்காக 1980களில் இரண்டு நிறம் கட்டாயமானது. 2021 அக்டோபரிலிருந்து ஒரு பக்கம் கருப்பு இருந்தால் மறுபக்கம் ஊதா, பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்றும் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரு கேமுக்கு 21 பாயின்ட் என்று ஆடிய காலத்து ஆள் நான். துறைமுகத்தில் வேலை பார்த்தபோது மதிய இடைவேளையில் ஆடுவோம். இப்போது டி.வி.யில் பார்த்தால் நாலு அடியில் பாயின்ட் முடிந்துவிடுகிறது. ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார்களா? நீங்கள் இரண்டு காலத்திலும் ஆடியவர் என்பதால் கேட்கிறேன்.
– ஓய்வுபெற்ற தொழிலாளி, திருவொற்றியூர்

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதலாம், அவ்வளவு அனுபவித்துவிட்டேன்.

நான் டிஃபென்ஸ் ஆட்டக்காரி. மேசையை விட்டுப் பின்னால் போய், முன்னோக்கிச் சுழன்று வருகிற டாப்ஸ்பின் பந்தை எல்லாம் அடியில் சீவி, அதாவது கட் பண்ணி, திருப்பி அனுப்புகிற ஆட்டம். பேக்ஹேண்டில் நீளப் பிம்பிள்ஸ் ரப்பர். அதைத் தொட்டால் சின்னச் சின்ன ரப்பர் முட்கள் மாதிரி இருக்கும். பந்தைப் பிடிக்காது. எதிராளி எவ்வளவு சுழற்சி போட்டாரோ அதையே திருப்பி அவர் பக்கம் அனுப்பும். இந்த ஆட்டத்துக்கு நான் வந்ததற்குக் காரணம் காசு. எங்கள் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுக்குச் சாயங்காலம் ஆட வருகிற ரயில் கார்டு மாமா ஒருவர், "சாதா ரப்பர் உனக்கு மாசா மாசம் கட்டுப்படியாகாதும்மா, இது வருஷக்கணக்குல வரும்" என்று தன் பழைய பேட்டையே கொடுத்தார். பிம்பிள்ஸ் சீக்கிரம் தேயாது. மாமா கணக்குப் பார்த்துக் கொடுத்த அந்த ரப்பர்தான் என் வாழ்க்கையாகிவிட்டது.

21 பாயின்ட் ஆட்டம் எங்களைப் போன்றவர்களுக்கு வரம். ஒரு பக்கம் ஐந்து சர்வீஸ், மறுபக்கம் ஐந்து சர்வீஸ். முதலில் ஆறேழு பாயின்ட் பின்தங்கினாலும் பதறமாட்டோம். எதிராளி அடிக்க அடிக்க அவர் கை கனக்கும், பதினைந்து தாண்டியதும் பந்து நெட்டில் விழத் தொடங்கும். அங்கிருந்து பிடித்துவிடலாம்.

2000 அக்டோபரில் பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பெரிய பந்துக்குக் காற்றின் தடை அதிகம், சுழற்சி குறையும். எதிராளியின் சுழற்சியைக் கடன் வாங்கிப் பிழைக்கிற எனக்கு வருமானம் குறைந்த மாதிரி. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் 2001 செப்டம்பரில் 11 பாயின்ட் வந்தது. இரண்டிரண்டு சர்வீஸ். நாலு பாயின்ட் பின்தங்கினால் கேம் பாதி போய்விட்டது என்று அர்த்தம். களைக்க வைத்து ஜெயிக்க அவகாசமே கிடையாது. எனக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்த பெண்களிடமெல்லாம் தோற்க ஆரம்பித்தேன். சர்வீஸ் போட்டு, திரும்பி வருகிற பந்தையே முன்னால் போய் அடிக்கிற தேர்டு பால் அட்டாக்கை இருபது வயதுக்கு மேல் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கார்டு மாமாதான் வாளி நிறையப் பந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டார். மாநிலப் பட்டம் வந்தது அதற்குப் பிறகுதான்.

2002ல் சர்வீஸை இன்னொரு கையால் மறைத்துப் போடக்கூடாது என்றார்கள். அதை நான் மனமார வரவேற்கிறேன். அதற்கு முன்னால், பந்தில் என்ன சுழற்சி இருக்கிறதென்று தெரியாமலேயே எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்கள் தோற்றிருக்கிறார்கள். 2008ல் ஸ்பீடு குளூவை, அதாவது ரப்பரை வேகமாக்கப் பூசுகிற பசையை, தடை செய்ததும் நல்லதே. மேட்சுக்கு முன்னால் ஆளாளுக்கு மூலையில் உட்கார்ந்து அந்தப் பசையைப் பூசுவார்கள், பெட்ரோல் பங்கில் நிற்கிற மாதிரி ஹால் முழுக்க நெடி அடிக்கும். பத்து வயதுப் பிள்ளைகள் அதைச் சுவாசித்தார்கள். 2014ல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து வந்தது. சத்தமே மாறிவிட்டது. பந்தின் சத்தத்தை வைத்தே கட் கனமா, லேசா என்று சொல்லிவிடுகிற காதுகள் எங்களுடையவை. அவற்றுக்குப் புதுப் பந்து பழக நாளானது.

நாலு அடியில் பாயின்ட் முடிவது உங்களுக்குக் குறையாகத் தெரிகிறது. எனக்கும் பல நாள் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அந்த நாலு அடிக்குள் நடக்கிற யோசனையைப் பாருங்கள். சர்வீஸ் எங்கே விழுந்தது, அதை ரிசீவ் பண்ணித் திருப்பினவர் மணிக்கட்டை எப்படித் திருப்பினார், மூன்றாவது பந்து ஏன் முழங்கைப் பக்கம் போனது என்று கவனியுங்கள். அடுத்த முறை டி.வி. பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு, ஒருவருடைய கால்களை மட்டும் ஒரு கேம் முழுக்கப் பாருங்கள் ஐயா. ஆட்டம் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

நீளமான ஆட்டத்துக்கு ஒரு கடிவாளம் உண்டு என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். இன்றைய விதிப்படி ஒரு கேம் பத்து நிமிஷமாகியும், இரண்டு பேரும் சேர்ந்து 18 பாயின்ட் கூட எடுக்காமல் இழுத்தால், எக்ஸ்பெடைட் என்கிற விரைவு விதி வரும். அதன்பிறகு சர்வீஸ் போட்டவருக்கு எதிரே நிற்பவர் 13 பந்துகளைத் திருப்பிவிட்டால் பாயின்ட் அவருக்கே. இரண்டு டிஃபென்ஸ்காரர்கள் மோதினால் நடுவர் கையில் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருப்பார்.

கேள்வி: எனக்குப் பதினேழு வயது. மாநிலப் போட்டிகளில் காலிறுதியோடு திரும்பி வருகிறேன். என்னோடு ஆடுகிறவர்களுக்குத் தனிப் பயிற்சியாளர், டயட், ஃபிசியோ எல்லாம் இருக்கிறது. சரத் கமல் மாதிரி வர முடியாதென்றால் ஆடி என்ன பயன்? இந்தியாவுக்கு ஆடாதது உங்களுக்கு வருத்தமாக இல்லையா?
– இளைஞர், வியாசர்பாடி

பதில்: தம்பி, முதலில் சரத் கமலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேசிய சாம்பியன் பட்டத்தைப் பத்து முறை வென்றவர். அதற்கு முன்னால் கம்லேஷ் மேத்தா எட்டு முறை வென்றிருந்தார், அந்தச் சாதனை உடையும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. 2006ல் மெல்போர்ன் காமன்வெல்த்தில் ஒற்றையர் தங்கம். பதினாறு வருஷம் கழித்து 2022ல் பர்மிங்காமில், நாற்பது வயதில், மறுபடி ஒற்றையர் தங்கம். கூடவே அணித் தங்கம், ஸ்ரீஜா அகுலாவோடு கலப்பு இரட்டையர் தங்கம். டோக்கியோ ஒலிம்பிக்கில் சீன ஜாம்பவான் மா லாங்கிடமிருந்து ஒரு கேமைப் பறித்தார். பாரிஸ் ஒலிம்பிக்கில் பாட்மின்டன் வீராங்கனை சிந்துவோடு சேர்ந்து தேசியக் கொடி பிடித்தார். இது ஒரு தலைமுறைக்கு ஒருவருக்கு வாய்ப்பது. அவருடைய அப்பாவும் அப்பாவின் சகோதரரும் பயிற்சியாளர்கள். சின்ன வயதிலிருந்தே வீட்டில் மூச்சுக்கு மூச்சு டேபிள் டென்னிஸ். அப்படி இருந்தும் ஜெர்மனி வரைக்கும் போய் லீக் ஆட வேண்டியிருந்தது. ஏன் போனார்? அங்கே தினமும் காலையில் தன்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றார்கள், அதற்காகத்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசி. ஓட்டப் பந்தயத்துக்குத் தனியாகப் பயிற்சி எடுக்கலாம், நீச்சலுக்கும் எடுக்கலாம். டேபிள் டென்னிஸில் அது நடக்காது. உன் டாப்ஸ்பின் எவ்வளவு நல்லது என்பது அதை யார் திருப்பி அனுப்புகிறார் என்பதைப் பொறுத்தது. சீன அணியில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு வீரர் ஒருவரின் ஆட்டத்தை அச்சு அசலாகக் கற்றுக்கொண்டு, தங்கள் சாம்பியன்களுக்கு எதிரே அப்படியே ஆடிக் காட்டுவது அவர்களுக்கு வேலை. பதக்க மேடையில் அவர்கள் நிற்பதில்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் அந்தப் பதக்கம் வராது என்று சீனப் பயிற்சியாளர்களுக்குத் தெரியும்.

எனக்கு இது தெரிந்த விதத்தைச் சொல்கிறேன். சென்னையில் டிஃபென்ஸ் ஆடுகிறவர்கள் எப்போதுமே குறைவு. தேசியப் போட்டி நெருங்கினால் நகரத்தின் அந்தப் பக்கத்து அகாடமிகளிலிருந்து ஆள் வரும். "எங்க பசங்களுக்குக் கட் பால் அடிச்சுப் பழக்கமில்ல, ரெண்டு வாரம் வந்து ஸ்பாரிங் கொடுக்க முடியுமா" என்பார்கள். போவேன். மணிக்கணக்காக நான் கட் பண்ணுவேன், அவர்கள் அடிப்பார்கள். முதல் நாள் என்னிடம் திணறுகிற பிள்ளை, இரண்டாவது வாரத்தில் என்னையே மூலைக்கு மூலை ஓடவிடும். அதில் சிலர் இந்திய ஜெர்சி போட்டார்கள். அவர்கள் வெளிநாட்டில் ஒரு டிஃபென்ஸ் ஆட்டக்காரியை ஜெயித்த செய்தியைப் பேப்பரில் படிக்கும்போது, அதில் என் கையும் இருக்கிறதென்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும், போன் வரும்.

வருத்தம் இருந்ததா என்று கேட்டாய். இருந்தது. தேர்வுப் பட்டியல் வருகிற நாட்களில் வீட்டில் யாரோடும் பேசமாட்டேன். இருபத்தைந்து வயது வரைக்கும் அப்படித்தான். ஆனால் மாநில அளவில் ஆடியதை அரைகுறை வாழ்க்கை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பெரிய வீரர் ஒருவர் உருவாக வேண்டுமானால், அவரைத் தினமும் கொஞ்சம் கஷ்டப்படுத்தக்கூடிய இருபது முப்பது பேர் அதே ஊரில் இருக்க வேண்டும். அந்த இருபது பேரும் மும்முரமாக, ஜெயிக்கிற எண்ணத்தோடு ஆட வேண்டும். ஒப்புக்கு ஆடுகிறவரோடு ஆடினால் யாருக்கும் ஆட்டம் வளராது. மாநிலக் காலிறுதிக்கு வருகிற நீ அந்த இருபது பேரில் ஒருவன். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

2025 மார்ச்சில் பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கில் சரத் கமல் தன் கடைசிச் சர்வதேசப் போட்டியை ஆடினார். கேலரியில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஸ்னேஹித் சுரவஜ்ஜுலா என்ற இளைய இந்திய வீரரிடம் நேர் கேம்களில் தோற்று விடைபெற்றார். அரங்கமே எழுந்து நின்றது. என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் மாநிலப் போட்டிகளில் நான் பார்த்த முகங்கள். வங்கியில் இருக்கிறார்கள், கஸ்டம்ஸில் இருக்கிறார்கள், பள்ளிகளில் பி.டி. மாஸ்டராக இருக்கிறார்கள், மாலையானால் எங்காவது ஒரு ஹாலில் பிள்ளைகளுக்குப் பந்து போடுகிறார்கள். அவர்கள் இல்லாமல் சென்னை இந்த ஆட்டத்தின் ஊராகியிருக்காது.

இனி உன் ஆட்டத்துக்கு வருவோம். காலிறுதியில் தோற்கிற மேட்சுகளை யாரையாவது போனில் எடுக்கச் சொல். நீ தோற்கிற பாயின்ட்களில் பெரும்பகுதி எங்கே போகிறதென்று எழுதி வை. உன் வயதுப் பையன்களிடம் நான் அதிகம் பார்ப்பது ரிசீவ் குறை. சொந்தச் சர்வீஸில் சிங்கமாக இருப்பார்கள், எதிராளி சர்வீஸில் பந்தை உயரமாகத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அப்படியென்றால் மூன்று மாதம் ரிசீவ் மட்டும் பண்ணு. ஒவ்வொரு வாரமும் புது ஆளிடம் சர்வீஸ் வாங்கு. இடதுகைக்காரர், பிம்பிள்ஸ்காரர், அறுபது வயதில் இன்ஸ்டிட்யூட்டில் ஆடுகிற பெரியவர், யாராக இருந்தாலும் சரி. டயட்டும் ஃபிசியோவும் பிறகு வரட்டும்.

கேள்வி: விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது உங்கள் ஆட்டத்துக்கு உதவியா, தடையா?
– வாசகர், அயனாவரம்

பதில்: சோறு போட்டது அதுதான். டேபிள் டென்னிஸில் பரிசுப் பணத்தை நம்பி வாழ்கிறவர்கள் இந்தியாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்ற அத்தனை பேருக்கும் ரயில்வே, பெட்ரோலியக் கம்பெனிகள், வங்கிகள், வருமான வரித்துறை, கஸ்டம்ஸ் போன்றவைதான் கதி. சரத் கமலும் இந்தியன் ஆயிலில் வேலை பார்த்தவர்தான். எனக்குக் கிளார்க் வேலை. காலையில் பயிற்சி, பிறகு ஆபீஸ், போட்டி வந்தால் சிறப்பு விடுப்பு. சம்பளம் வந்த முதல் மாதம் அப்பாவின் மளிகைப் பாக்கியை நான் அடைத்தேன்.

ஒன்று மட்டும் மனதைப் பிசைந்தது. தேசியப் போட்டிகளில் ரயில்வேக்குத் தனி அணி, பெட்ரோலிய விளையாட்டு வாரியத்துக்குத் தனி அணி. வேலையில் சேர்ந்ததும் தமிழ்நாட்டு ஜெர்சியைக் கழற்ற வேண்டியிருந்தது. அடுத்த தேசியப் போட்டியில் அணிப் பிரிவில் தமிழ்நாட்டுக்கு எதிராகவே ஆடினேன். எதிர்ப்பக்கம் நின்றது என்னோடு ஒரே அறையில் தங்கி, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட பெண். நான் ஜெயித்தேன். அன்று ராத்திரி இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம், ஆனால் அதிகம் பேசவில்லை.

வேலைக்காகவே ஆட்டத்துக்கு வரலாமா என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். காலியிட அறிவிப்பு எந்த வருஷம் வரும், அதில் டேபிள் டென்னிஸுக்கு எத்தனை இடம் இருக்கும் என்பதெல்லாம் நம் கையில் இல்லை. பிள்ளைக்கு ஆட்டம் பிடித்திருந்தால் வாருங்கள். அப்போது சான்றிதழ்களை ஒரு ஃபைலில் ஒழுங்காகச் சேர்த்து வையுங்கள், எந்தப் போட்டிச் சான்றிதழ் எந்த வேலைக்குச் செல்லும் என்று அந்தந்த அறிவிப்பிலேயே இருக்கும்.

கேள்வி: அக்கா, எனக்குப் பதினான்கு வயது. பெரிய பெண்ணாகிவிட்டாய், ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு பையன்களோடு ஆடாதே என்கிறார்கள் வீட்டில். எனக்கு ஆடணும்.
– மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஆடு கண்ணு. டிராக் பேண்ட், தொளதொள டி-ஷர்ட் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போ. போட்டி வரும்போது உடையைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். ஒரு நாள் சாயங்காலம் அம்மாவை ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் உட்கார வை. அவர்கள் மனதில் இருக்கிற ஹால் வேறு, கண்ணால் பார்க்கிற ஹால் வேறு. என் அம்மாவும் அப்படித்தான் ஒத்துக்கொண்டார்கள். பையன்களோடு ஆடுவதை மட்டும் விட்டுவிடாதே, அவர்கள் அடிக்கிற வேகத்துக்குப் பழகினால் பெண்கள் போட்டியில் பந்து உனக்கு மெதுவாகத் தெரியும்.

வீட்டில் இதையும் சொல்: 2018ல் கோல்டுகோஸ்ட் காமன்வெல்த்தில் மணிகா பத்ரா ஒற்றையர் தங்கம் வாங்கினார். பேக்ஹேண்டில் பிம்பிள்ஸ் வைத்து ஆடுகிறவர், என் இனம். 2024 பிப்ரவரியில் பூசானில் நடந்த உலக அணிப் போட்டியில் ஐஹிகா முகர்ஜி, உலகின் முதல்நிலை வீராங்கனை சுன் யிங்ஷாவைத் தோற்கடித்தார். அதே வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் பெண்கள் அணி காலிறுதிக்குப் போனது. இந்த ஆட்டத்தில் இப்போது இந்தியாவுக்கு வழிகாட்டுகிறவர்கள் பெண்கள்தான்.

கேள்வி: சென்னை தந்த சிறந்த ஆட்டக்காரர் என்று யாரைச் சொல்வீர்கள்?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பட்டங்களை எண்ணினால் சரத் கமல். என் மனதில் முதலில் வருகிறவர் வி. சந்திரசேகர். மூன்று முறை தேசிய சாம்பியன், 1982ல் அர்ஜுனா விருது. 1984ல் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போன இடத்தில் விபரீதம் நடந்து நடை, பேச்சு, பார்வை எல்லாம் பாதிக்கப்பட்டது. இருபத்தைந்தைத் தாண்டிய வயது, ஆட்டத்தின் உச்சம். எழுந்து நடக்கவே மாட்டார் என்று நினைத்தவர்கள் உண்டு. நடந்தார். நீதிமன்றத்தில் வருஷக்கணக்காகப் போராடி இழப்பீடு பெற்றார். அதோடு நிற்காமல் ஹாலுக்குத் திரும்பி வந்து பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். இந்த ஊர் தந்த பல வீரர்கள் அவர் கைப்பட வளர்ந்தவர்கள். 2021 மே மாதம் கொரோனாவில் போய்விட்டார். ஆட முடியாமல் போன மனிதர் ஒருவர் ஆட்டத்தின் மீது வைத்த பற்றை நினைக்கிறபோதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். இன்னொருவரையும் சொல்ல வேண்டும்: அந்தோணி அமல்ராஜ். சரத் கமல் கொடிகட்டிப் பறந்த அதே காலத்தில் தேசிய சாம்பியன் ஆனவர், அர்ஜுனா விருது பெற்றவர். அவருடைய பேக்ஹேண்டைப் பார்க்கவே நான் மைதானத்துக்குப் போவேன்.

கேள்வி: எங்கள் தெருவில் கேரம் மன்றம் இருக்கிறது. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பெரிய அறை காலியாகக் கிடக்கிறது. டேபிள் டென்னிஸ் மேசை ஒன்று போடலாமா என்று யோசிக்கிறோம். என்னென்ன பார்க்க வேண்டும்?
– மன்ற நிர்வாகிகள், காசிமேடு

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் சந்தோஷப்படுத்தியது உங்களுடையது. கேரம் மன்றங்கள் நம் பகுதிக்கு என்ன செய்தன என்று ஊருக்கே தெரியும். மரிய இருதயம் அர்ஜுனா விருது வாங்கினார், வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன் ஆனார், 2024ல் புதுவண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்காவில் உலகப் பட்டங்களோடு திரும்பினார். ஆட்டோ ஓட்டுநரின் மகள் அவர். தெருவுக்குத் தெரு பலகை இருந்தது, பலகையைச் சுற்றி ஆள் இருந்தார்கள், அதனால் சாம்பியன் வந்தார்கள். டேபிள் டென்னிஸில் நம் பக்கத்துப் பிள்ளைகள் பின்தங்கியதற்கு ஒரே காரணம் மேசை கைக்கெட்டும் தூரத்தில் இல்லாததுதான். பலகையை அறைக்குள் எங்கே வேண்டுமானாலும் போடலாம், மேசைக்கு இடம் வேண்டும்.

மேசை 274 செ.மீ. நீளம், 152.5 செ.மீ. அகலம், 76 செ.மீ. உயரம். அதைச் சுற்றி ஓட இடம் வேண்டும் என்பதால் அறை முப்பதடிக்குப் பதினைந்தடியாவது இருக்கட்டும். உங்கள் ஊரில் கடற்காற்று முக்கியமான பிரச்சினை. பந்தின் எடை 2.7 கிராம்தான். ஜன்னலைத் திறந்தால் பந்து திசை மாறும், மூடினால் பிள்ளைகள் வெந்துபோவார்கள். ஜன்னல்களுக்கு மேல்பாதியில் மட்டும் காற்று வருகிற மாதிரி கீழே பலகை அடித்துவிடுங்கள், ஃபேனை இடைவேளையில் மட்டும் போடுங்கள். உப்புக் காற்றில் ரப்பர் சீக்கிரம் வழுக்கும், பலகையும் ஊதும், அதனால் இரவில் மேசையை மூடி வைக்கத் தார்ப்பாய் ஒன்று அவசியம். மேசைக்குப் பின்னால் இருக்கிற சுவர்களுக்கு அடர் நிறம் அடியுங்கள், வெள்ளைச் சுவரில் வெள்ளைப் பந்து தெரியாது. தரை சிமென்ட் என்றால் வெறுங்காலோடு ஆட விடாதீர்கள், முழங்கால் போய்விடும். வழுக்காத ரப்பர் அடி உள்ள கம் சோல் ஷூ கட்டாயம்.

புது மேசைக்குப் பணம் சேரவில்லை என்றால் பழையது வாங்கலாம், தவறில்லை. வாங்கப் போகும்போது ஒரு ஸ்கேலும் ஒரு நல்ல பந்தும் எடுத்துக்கொண்டு போங்கள். 30 செ.மீ. உயரத்திலிருந்து பந்தை விட்டால் ஏறக்குறைய 23 செ.மீ. எழும்ப வேண்டும். நடுவிலும் நாலு மூலையிலும் ஓரங்களிலும் போட்டுப் பாருங்கள். ஓர் இடத்தில் தொப்பென்று விழுந்தால் உள்ளே பலகை ஊறிப்போயிருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். நெட் 15.25 செ.மீ. உயரம், அதையும் அளந்து கட்டுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கென்று வாரத்தில் சில மணி நேரமாவது ஒதுக்கி, வாசலில் எழுதிப் போடுங்கள். பெரியவர்களையும் ஆடச் சொல்லுங்கள். விதவிதமான கைகளிடம் தோற்றுத்தான் பிள்ளைகள் தேறுவார்கள். மேசை வந்ததும் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வருகிறேன். பிம்பிள்ஸ் பேட்டோடு வருவேன். கட் பால் எப்படி வரும் என்று உங்கள் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ளட்டும்.